நடிகரின் உடல், பார்வையாளரின் கண்: இரண்டு ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பேய்ப்படங்கள்

1999 ஜூலையில் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது, திரையில் தெரிந்த மூன்று இளைஞர்களும் உண்மையிலேயே காட்டில் தொலைந்துபோனவர்கள் என்று பலர் நம்பினார்கள். பத்தாண்டு கழித்து, 2009இல், 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' வந்தது. அதற்குள், புனைவைக் கண்டெடுத்த உண்மைப் பதிவாகக் காட்டும் இந்த 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' உத்தி ஊரறிந்ததாகிவிட்டது. திரையில் வருபவர்கள் நடிகர்களா இல்லையா என்பதை இணையத்தில் தேடித் தெரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் போதும் என்ற காலமும் வந்துவிட்டது. இருந்தும் அரங்குகளில் அலறல் கேட்டது. 'இது நடந்த கதை' என்ற நம்பிக்கை விலகிய பிறகும் இந்தப் படங்கள் மெய்யாகத் தோன்றுகின்றன என்றால், அந்த மெய்ம்மைக்கு வேறு ஊற்று இருக்க வேண்டும். அதைத் தேடுவதே இந்த ஒப்பாய்வின் நோக்கம்.

வெளிப்பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் பாத்திரங்களே கேமராவைப் பிடிக்கிறார்கள்; அவர்களுக்கு நேர்ந்ததற்குப் பின் கிடைத்த பதிவாகப் படம் நமக்குத் தரப்படுகிறது. இரண்டிலும் அறிமுகமில்லாத நடிகர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். எழுதிவைத்த வசனம் இல்லை, பயமுறுத்தும் பின்னணி இசை இல்லை, செலவும் சொற்பம். ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் மெய்ம்மையை உண்டாக்கும் இடம் முற்றிலும் வேறு. பிளேர் விட்சின் மெய்ம்மை நடிகர்களின் உடலில் இருக்கிறது. பாராநார்மல் ஆக்டிவிட்டியின் மெய்ம்மை பார்வையாளரின் கண்ணில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால், இந்த வகைப் படங்களின் வலிமையும் வரம்பும் விளங்கிவிடும்.

உருவான விதம்

பிளேர் விட்சின் இயக்குநர்கள் டேனியல் மைரிக், எட்வார்டோ சான்செஸ் இருவரும் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தவர்கள். 1997 அக்டோபரில், மேரிலாந்து மாநிலத்தின் செனகா க்ரீக் காட்டுப்பகுதியை முதன்மைக் களமாகக் கொண்டு, எட்டு நாள் படப்பிடிப்பு நடந்தது. கையில் இருந்தது ஏறத்தாழ 35 பக்கக் கதைச் சுருக்கம் மட்டுமே. ஹெதர் டொனாஹ்யூ, ஜோஷுவா லியோனர்ட், மைக்கேல் வில்லியம்ஸ் ஆகிய மூவருக்கும் கேமராவை இயக்கக் கற்றுக்கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். ஜிபிஎஸ் கருவி காட்டும் இடத்துக்கு நடந்து போனால் அங்கே ஒரு டப்பா இருக்கும். அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு இருக்கும். ஒருவர் குறிப்பு மற்றவருக்குத் தெரியாது. நாள் போகப்போக உணவின் அளவைக் குறைத்தார்கள். இரவில் இயக்குநர் குழு கூடாரத்தைச் சுற்றிச் சத்தம் எழுப்பியது, குழந்தைகளின் குரலை ஒலிப்பதிவாக ஓடவிட்டது, கூடாரத்தையே பிடித்து உலுக்கியது. இப்படிச் சேர்ந்த சுமார் 20 மணி நேரக் காட்சிகளிலிருந்து 81 நிமிடப் படம் வெட்டியெடுக்கப்பட்டது. 1999 ஜனவரியில் சண்டான்ஸ் திரைவிழாவில் திரையிடப்பட்டபோது ஆர்ட்டிசன் நிறுவனம் 11 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. உலக அளவில் படம் ஈட்டியது 25 கோடி டாலரை நெருங்கியது.

பாராநார்மல் ஆக்டிவிட்டியை எடுத்த ஓரன் பெலி இஸ்ரேலில் பிறந்தவர், கலிபோர்னியாவில் வீடியோ கேம்களுக்கு நிரல் எழுதியவர். சான் டியேகோவில் புது வீட்டுக்குக் குடிபோனபின் இரவுகளில் கேட்ட சத்தங்களே கதைக்கு விதை. 2006இல், அதே வீட்டில், ஒரு வார காலத்தில் படப்பிடிப்பு முடிந்தது. செலவு சுமார் 15,000 டாலர். கேட்டி ஃபெதர்ஸ்டன், மைக்கா ஸ்லோட் இருவருக்கும் காட்சியின் போக்கு மட்டும் சொல்லப்பட்டது, பேச்சு அவர்களுடையது. 2007இல் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் விழாவில் காட்டப்பட்ட படம், இரண்டு ஆண்டு கழித்து பாரமவுண்ட் வழியாகத் திரையரங்குக்கு வந்து 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இந்தத் தகவல்களிலேயே முதல் வேறுபாடு ஒளிந்திருக்கிறது. மைரிக்கும் சான்செஸும் நடிகர்களைத் தயார்படுத்தினார்கள். பெலி வீட்டைத் தயார்படுத்தினார். முன்னவர்கள் பசி, குளிர், தூக்கமின்மை என்று மனித உடலின் மேல் வேலை செய்தார்கள். பெலி ஓர் அறையை, ஒரு கதவை, ஒரு கோணத்தைத் தேர்ந்து, அந்தக் கோணத்தில் நம்மை உட்காரவைத்தார்.

கையில் ஆடும் கேமரா, முக்காலியில் நிற்கும் கேமரா

பிளேர் விட்சில் இரண்டு கேமராக்கள். பிளேர் சூனியக்காரியைப் பற்றி ஹெதர் எடுக்கும் ஆவணப்படத்துக்காகக் கொண்டுவந்த 16 மி.மீ. ஃபிலிம் கேமரா கறுப்பு வெள்ளை. படப்பிடிப்பைச் சுற்றி நடப்பதைப் பதிய எடுத்துவந்த ஹை8 வீடியோ கேமரா வண்ணம். தொடக்கத்தில் இரண்டுக்கும் எல்லை தெளிவாக இருக்கிறது. சூனியக்காரியின் கதை ஃபிலிமில் கம்பீரமாகச் சொல்லப்படும். கேலியும் அரட்டையும் வீடியோவில் ஓடும். வழி தவறியபின் அந்த எல்லை கரைகிறது. ஆவணப்படம் என்ற திட்டம் செத்துப்போய், உயிர் பிழைக்கத் தவிக்கும் மூவர் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஓடும்போது கேமரா ஓடுகிறது, விழும்போது விழுகிறது. அழும்போது முகத்தைச் சட்டகத்துக்குள் சரியாக வைக்கவும் முடிவதில்லை. ஹெதர் தன் தாயிடமும் நண்பர்களின் தாய்மாரிடமும் மன்னிப்புக் கேட்கும் புகழ்பெற்ற காட்சியில் நாம் பார்ப்பது, சட்டகத்தின் அடியில் நெருக்கிக்கொண்டு வரும் ஒரு கண்ணும் மூக்கும் நெற்றியும்தான். தேர்ந்த ஒளிப்பதிவாளர் யாரும் வைக்காத கோணம் அது. அந்தத் தவறான கோணமே அந்த அழுகையை நம்பவைக்கிறது.

பாராநார்மல் ஆக்டிவிட்டியின் உயிர் இரவுக் காட்சிகளில் இருக்கிறது. அங்கே கேமராவைப் பிடிக்க ஆளில்லை. முக்காலியில் நிற்கிறது, அகன்ற கோணம், நீலம் பாய்ந்த மங்கல் ஒளி. ஒரு பக்கம் படுக்கையில் கேட்டியும் மைக்காவும் தூங்குகிறார்கள். மறுபக்கம் திறந்த கதவு, அதற்கப்பால் இருட்டான நடைவழி. மூலையில் மணி ஓடுகிறது. இந்தச் சட்டகம் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக ஏதோ நடக்கிறது. முதலில் கதவு சில அங்குலம் அசைகிறது. பிறகு போர்வை உயர்கிறது. பிறகு கேட்டி எழுந்து, தூங்கும் மைக்காவைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்கிறாள். அப்போது காட்சி வேகமாக ஓட்டப்படுகிறது. மணி எண்கள் பறக்கின்றன. அவள் உடல் மட்டும் லேசாக ஆடிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. படத்தின் மிகக் கொடூரமான தருணம் இதுதான் என்பேன். பேய் எதுவும் வரவில்லை, ரத்தம் இல்லை. ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவே.

அந்த மணிக்காட்டி செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். எண்கள் பறக்கும்போது ஒன்றும் நடக்காது என்று தெரியும். எண்கள் நிதானமாகி வினாடி வினாடியாக ஓடத் தொடங்கியதும் ஏதோ வரப்போகிறது என்று உடல் இறுகுகிறது. வழக்கமான பேய்ப்படத்தில் வயலின் செய்யும் வேலையை இங்கே நான்கைந்து எண்கள் செய்துவிடுகின்றன. இசை இல்லாத படத்துக்குள் இசையின் ஒழுங்கைப் பெலி இப்படித்தான் கொண்டுவந்தார்.

காட்டாமல் விடுவதும் முழுக்கக் காட்டுவதும்

பிளேர் விட்சில் சூனியக்காரி ஒருமுறைகூடத் தென்படுவதில்லை. கூடாரத்துக்கு வெளியே மூன்று கற்குவியல்கள், மரங்களில் தொங்கும் குச்சி உருவங்கள், ஒரு சுள்ளிக் கட்டுக்குள் ரத்தம் தோய்ந்த சட்டைத் துணியும் பல்லும்: இவ்வளவுதான் சான்று. ஒவ்வொன்றையும் மனிதர் யாரேனும் செய்திருக்கலாம். இருட்டில் ஓடும்போது ஹெதர் எதையோ பார்த்து 'என்ன அது?' என்று கதறுகிறாள். கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவள் கண்டதை நாம் காண்பதில்லை. கையில் பிடித்த சிறு விளக்கின் வட்டத்துக்கு வெளியே உலகமே இல்லாததுபோல் இருள் சூழ்கிறது.

பாராநார்மல் ஆக்டிவிட்டி இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. நடப்பது எல்லாம் சட்டகத்துக்குள்ளேயே நடக்கிறது. தரையில் தூவிய பவுடரில் மனிதக் காலல்லாத தடங்கள் அறைக்குள் வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கேட்டியின் காலைப் பிடித்துப் படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு நடைவழிக்குப் போகிறது. எதுவும் மறைக்கப்படவில்லை, காரணம் மட்டும் தெரியவில்லை.

இதிலிருந்து பார்வையாளரின் நிலை இரண்டிலும் தலைகீழாகிறது. பிளேர் விட்சில் நமக்குத் தெரிவது பாத்திரங்களுக்குத் தெரிவதைவிடக் கூடுதல் இல்லை. அவர்களோடு நாமும் வழி தெரியாமல் நடக்கிறோம். பாராநார்மல் ஆக்டிவிட்டியில் அவர்கள் தூங்கும்போது விழித்திருப்பவர் நாம் மட்டுமே. கதவு அசைந்ததை முதலில் அறிவது நாம்தான். விடிந்து அவர்கள் பதிவைப் போட்டுப் பார்க்கும்போது, நாம் ஏற்கெனவே கண்டதை அவர்கள் காண்கிறார்கள். முதல் படத்தின் பயம் அறியாமையிலிருந்து வருகிறது. இரண்டாவதில், தெரிந்தும் தடுக்க முடியாத நிலை பயமாகிறது.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. பிளேர் விட்சில் நடந்ததில் ஒரு பகுதி உண்மையாகவே நடந்தது. அந்த மூவரும் நிஜமாகவே நனைந்தார்கள், பசித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். சூனியக்காரி கற்பனை, களைப்பு கற்பனை இல்லை. கதை பொய் என்று தெரிந்த பிறகும் படம் நம்மை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்: பேய்ப்படம் என்ற உறைக்குள் மனிதர் மூவர் தளர்ந்துபோவதன் ஆவணம் இருக்கிறது. பாராநார்மல் ஆக்டிவிட்டியில் அப்படி எதுவும் உண்மையாக நடக்கவில்லை. கதவை அசைத்தது, போர்வையைத் தூக்கியது, காலைப் பிடித்து இழுத்தது எல்லாம் தயாரிப்புத் தந்திரங்கள். ஆனால் அந்த அசையாத சட்டகத்தைத் துழாவும் நம் கண் உண்மை. நடைவழியின் இருட்டில் ஏதாவது நகர்கிறதா, நிழல் மாறியதா, கதவு முன்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று நாமே வேவு பார்க்கிறோம். அந்தத் தேடலை யாரும் நமக்காக நடிக்கவில்லை.

ஏன் இன்னும் படம்பிடிக்கிறார்கள்?

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படங்கள் எல்லாவற்றுக்கும் வரும் சோதனைக் கேள்வி இது. உயிருக்கு ஓடுகிறவன் கேமராவைக் கீழே போடாதது ஏன்? இதற்குப் பதில் இல்லாத படம் அந்த இடத்திலேயே பொய்யாகிவிடுகிறது. இரண்டு படங்களும் பதில் வைத்திருக்கின்றன. அந்தப் பதில்கள் பாத்திரங்களின் குணத்திலிருந்தே வருகின்றன.

ஹெதருக்குக் கேமரா ஒரு கவசம். லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது உலகம் முழு உண்மையாக இருப்பதில்லை, அதனால்தான் அவள் கேமராவை விட மறுக்கிறாள் என்று ஜோஷ் ஓரிடத்தில் புரிந்துகொள்கிறான். படம் எடுக்கும்வரை அவள் இயக்குநர். எடுப்பதை நிறுத்தினால் வழி தெரியாத ஒரு பெண். வரைபடத்தை மைக் ஓடையில் தள்ளிவிட்டதாகச் சொல்லும் காட்சியில் வெடிக்கும் ஆத்திரத்துக்குப் பிறகு, அவளிடம் எஞ்சும் ஒரே அதிகாரம் கேமராதான்.

மைக்காவுக்குக் கேமரா ஆயுதம். எட்டு வயதிலிருந்தே கேட்டியைத் தொடர்ந்துவரும் ஒன்றை, தன் வீட்டில் தானே எதிர்கொண்டு அடக்கிவிடலாம் என்று அவன் நினைக்கிறான். கேமராவை வாங்கியது பாதுகாப்புக்கு என்பதைவிட, வென்று காட்டுவதற்கு. அழைத்துவந்த ஆவியுலக நிபுணர், அதனோடு பேச முயலாதீர்கள் என்று எச்சரிக்கிறார். ஆவிகளோடு பேசும் வீஜா பலகையைக் கொண்டுவராதே என்று கேட்டி கெஞ்சுகிறாள். அவன் கொண்டுவருகிறான். படப்பதிவை நிறுத்தச் சொல்கிறாள்; நிறுத்துவதில்லை. ஹெதர் கடைசியில் எல்லாப் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். மைக்காவிடமிருந்து அந்தச் சொல் வருவதேயில்லை. ஒரு பெண்ணின் அச்சத்தைக் காட்சிப்பொருளாக்கும் ஆணின் பிடிவாதம் என்ற நுட்பமான குடும்பக் கதை இந்தப் பேய்ப்படத்துக்குள் ஓடுகிறது. விமர்சகர்கள் பலர் மைக்காவின் முட்டாள்தனத்தைக் குறையாகச் சொல்வார்கள். படத்தின் தார்மீக அச்சே அதுதான் என்பது என் கருத்து.

காடும் வீடும்

இடத்தைப் பொறுத்தவரை பிளேர் விட்ச் பழைய மரபில் நிற்கிறது: ஊர் எல்லை தாண்டிய காடு, சாபம், பழங்கதை. பர்கிட்ஸ்வில் என்ற ஊர் மேரிலாந்தில் உண்மையாகவே இருக்கிறது. எல்லி கெட்வர்ட் என்ற சூனியக்காரியும், குழந்தைகளைக் கொன்ற ரஸ்டின் பார் என்பவனும் இயக்குநர்கள் புனைந்தவர்கள். தொடக்கத்தில் வரும் ஊர்க்காரர் பேட்டிகளில் அமர்த்தப்பட்ட நடிகர்களும் உண்மையான ஊர்க்காரர்களும் கலந்திருந்தார்கள். உண்மைக்கும் புனைவுக்கும் தையல் தெரியாமல் போனது அங்கேதான்.

பெலியின் வீட்டுக்கு வரலாறு இல்லை. புறநகரின் புது வீடு: பெரிய தொலைக்காட்சி, வெளிறிய சுவர், கம்பளம் விரித்த படி. பழைய மாளிகையில் பேய் இருந்தால் வெளியேறித் தப்பலாம். இங்கே அது வீட்டைப் பிடித்திருக்கவில்லை, கேட்டியைப் பிடித்திருக்கிறது. வீடு மாறிப் பயனில்லை. காட்டுக்குப் போகாமல் இருந்துவிட முடியும். தூங்காமல் இருக்க முடியாது. பார்வையாளர் வீடு திரும்பிய பிறகு எந்தப் படம் அதிகம் தொந்தரவு செய்யும் என்று கேட்டால், பாராநார்மல் ஆக்டிவிட்டிக்கே முதலிடம் தருவேன்.

நம்பவைத்த முறையும் அதற்கான விலையும்

பிளேர் விட்ச் வெளிவருமுன்பே அதன் இணையதளத்தில் போலிப் போலீஸ் ஆவணங்களும் நாட்குறிப்புப் பக்கங்களும் வந்துவிட்டன. சண்டான்ஸில் காணாமல் போனோர் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சைஃபை தொலைக்காட்சி போலி ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. நடிகர்கள் பொதுவெளியில் தென்படாமல் பார்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஹெதரின் தாய்க்கு அனுதாப அட்டைகள் வந்தன. இதற்கு இத்தாலியில் கொடூரமான முன்னோடி உண்டு: 1980இல் 'கன்னிபல் ஹோலோகாஸ்ட்' எடுத்த ருஜெரோ தியோதாத்தோ, நடிகர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

நடிகர்களின் சொந்தப் பெயர், சொந்த முகம், சொந்தச் சோர்வு எல்லாம் படத்துக்குள் போயின. 2024இல் அந்த மூவரும், படத்தின் உரிமையை இப்போது வைத்திருக்கும் லயன்ஸ்கேட் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, வருவாயில் உரிய பங்கையும், தங்கள் பெயரும் உருவமும் பயன்படும் இடத்தில் கலந்தாலோசனையையும் கேட்டார்கள். உடலை மூலப்பொருளாகக் கொண்ட மெய்ம்மைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதை அந்தக் கடிதம் வெளிப்படையாக்கியது.

பாராநார்மல் ஆக்டிவிட்டியின் விளம்பரம் வேறு வழியில் போனது. இருட்டரங்கில் பதுங்கி அலறும் பார்வையாளர்களை இரவுக் கேமராவில் படம்பிடித்து முன்னோட்டத்தில் காட்டினார்கள். உங்கள் ஊருக்குப் படம் வேண்டுமா, இணையத்தில் கேளுங்கள் என்றார்கள். பத்து லட்சம் கோரிக்கைகள் குவிந்தன. ஒரு படம் நடிகர்களின் மரணத்தை விற்றது. மற்றது பார்வையாளரின் அலறலை விற்றது. விளம்பரக்காரர்களுக்கும் அந்தந்தப் படத்தின் மெய்ம்மை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

முடிவுக் காட்சிகள்

பிளேர் விட்சின் இறுதியில் மைக் வீடியோ கேமராவோடு பாழடைந்த வீட்டின் நிலவறைக்கு ஓடுகிறான். பின்னால் ஹெதர் 16 மி.மீ. கேமராவோடு வருகிறாள். அவள் கேமரா ஒலியைப் பதியாது. நாம் கேட்கும் ஒலி கீழே கிடக்கும் மைக்கின் கேமராவிலிருந்து வருகிறது. அதனால் அவள் பார்ப்பதை நாம் பார்க்கும்போதே அவளுடைய அலறல் எங்கோ தூரத்திலிருந்து நெருங்கி வருகிறது. கண் ஓரிடத்திலும் காது வேறிடத்திலும் இருக்கும் இந்தப் பிளவு, கருவிகளின் இயல்பிலிருந்தே பிறந்த அச்சம். மைக் சுவரைப் பார்த்து மூலையில் நிற்கிறான். கேமரா விழுகிறது. படம் தன் விதியைக் கடைசிவரை மீறவில்லை.

பெலியின் படம் அந்த உறுதியைக் காக்கவில்லை. முதலில் எடுத்த முடிவில், கேட்டி கத்தியோடு படுக்கையருகே அமர்ந்து நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கிறாள். பிறகு போலீஸார் வந்து அவளைச் சுட்டுவிடுகிறார்கள். கேமரா எல்லாவற்றையும் ஒரே நிலையில் பார்த்துக்கொண்டு நிற்கிறது. திரையரங்குக்கு வந்த முடிவிலோ மைக்காவின் உடல் கேமராவை நோக்கி வீசப்படுகிறது. கேட்டியின் முகம் கணினி வரைகலையில் சிதைந்து நம்மேல் பாய்கிறது. அரங்கம் துள்ளும், உண்மைதான். ஆனால் அதுவரை யார் பக்கமும் சாராத சாட்சியாக நின்ற கேமராவை அந்தப் பாய்ச்சல் வழக்கமான பேய்ப்படக் கருவியாக்கிவிட்டது. நம் கண் தானே தேடிக் கண்டடைந்த பயத்தை, கடைசி நொடியில் படம் கையில் திணிக்கிறது.

எது தொடர்ந்தது, எது தொடரவில்லை

பின்வந்த படங்கள் இந்த ஒப்பீட்டுக்குத் தீர்ப்பு எழுதின. 2016இல் ஆடம் விங்கார்ட் எடுத்த 'பிளேர் விட்ச்' காதில் பொருத்தும் கேமராக்களையும் டிரோனையும் கொண்டுவந்தது. கருவிகள் கூடின, மெய்ம்மை கூடவில்லை. காட்டில் உண்மையாகத் தளர்ந்த உடல்கள் அங்கே இல்லை. பாராநார்மல் ஆக்டிவிட்டியோ நீண்ட தொடராக வளர்ந்தது. 2011இல் வந்த மூன்றாம் பாகம் கேமராவை மின்விசிறியின் சுழலும் அடித்தண்டில் பொருத்தி, அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்லத் திருப்பியது. கேமரா அந்தப் பக்கம் போயிருக்கும்போது இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்ற தவிப்பு அசலுக்கு நிகராக வேலை செய்தது. பார்வையாளரின் கண்ணை நம்பிய உத்திக்குப் புதுக்கண் கிடைத்துக்கொண்டே இருக்கும். நடிகரின் உடலை நம்பிய உத்தி ஒருமுறை நிகழ்ந்தால் நிகழ்ந்ததுதான்.

கலைப்படைப்பாக எடைபோட்டால் பிளேர் விட்சே உயர்ந்தது என்பேன். அச்சத்தின் நடுவே மனிதர் எப்படிச் சிறுத்துப்போகிறார்கள், எப்படி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பதை அது பதிவு செய்திருக்கிறது. அந்தப் பதிவு பேயைச் சார்ந்தது இல்லை. ஆனால் அந்த உயர்வு மூன்று இளம் நடிகர்களின் உடலையும் பெயரையும் பயன்படுத்திக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாரையும் பட்டினி போடாமல், ஒரு கதவையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு பார்வையாளரையே வேலை வாங்கலாம் என்று காட்டியது பெலியின் சாதனை. கேமராவை ஆட்டினால் மெய்யாகிவிடும் என்று நம்பி எடுக்கப்பட்ட எண்ணற்ற நகல்கள் தோற்றது, இந்த இரண்டு வழிகளில் எதையும் அவை தேர்ந்துகொள்ளாததால்தான். இனி இந்த வகையில் வரும் எந்தப் படத்தையும் ஒரு கேள்வியால் அளக்கலாம்: இதில் உண்மையாக நிகழ்வது எது, அது யாருக்கு நிகழ்கிறது?